அசோக் குமார் யார்?

இந்திய நீதிமன்றங்களில் 'அசோக் குமார்' என்ற பெயருள்ள ஒருவர் மீது கடந்த பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வழக்குகள் தொடுக்கப்பட்டு வருகின்றன. அவருக்கு ஊர் இல்லை, தந்தை பெயர் இல்லை, வயதும் இல்லை. அவர் நேரில் வந்து எந்தப் பதிலும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. ஏனெனில், அவர் தனிமனிதர் அல்லர். குற்றம் செய்தவர் யார் என்று தெரியாத நிலையில், வழக்குக்கு ஒரு பிரதிவாதி வேண்டுமே என்பதற்காகச் சட்டம் சூட்டியிருக்கும் பொதுப்பெயர் அது. ஆங்கில மரபில் இந்த முகமற்ற மனிதர் 'ஜான் டோ' எனப்படுவார். 2002 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளை உரிமம் இல்லாமல் ஒளிபரப்பிய கேபிள் நிறுவனத்தினருக்கு எதிராக தில்லி உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியே அந்த மரபு இங்கு வேரூன்றியது. பிறகு அவருக்கு 'அசோக் குமார்' என்று இந்தியப் பெயரும் வந்து சேர்ந்தது.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளைஞர், தன்னை அசோக் குமார் என்று ஒருபோதும் எண்ணியிருக்கமாட்டார். பேருந்து நிலையத்தை ஒட்டிய கைப்பேசிக் கடையில் சில பத்து ரூபாய் கொடுத்து மெமரி கார்டில் பாடல்களையும் படங்களையும் ஏற்றிக்கொண்ட காலம் அவருக்கு நினைவிருக்கும். இன்று அந்தக் கடைக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. பயிற்சி மையத்தின் பாடக் குறிப்பு, நாளிதழின் மின்பதிப்பு, நேற்று வெளியான படம் எல்லாம் டெலிகிராம் குழுவிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தாமாக வந்து விழுகின்றன. வந்ததை நான்கு பேருக்கு அனுப்புவது அவருக்கு நட்பின் அடையாளம். சட்டத்தின் கண்ணில் அது பதிப்புரிமை மீறல். இந்த இரு பார்வைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான், கடந்த கால் நூற்றாண்டாக உலகெங்கும் நடந்துவரும் சட்டப் போராட்டங்கள் அடங்கியிருக்கின்றன. படைத்தவரின் உரிமையைக் காக்கும் முயற்சியில், பயன்படுத்துபவரின் தனியுரிமையை எந்த அளவுக்குத் திறந்துகாட்டலாம் என்பதே அவற்றின் மையக் கேள்வி.

ஒரு பாடலும் ஒரு தடையாணையும்

இந்தக் கேள்வி தமிழகத்தில் பெரிய அளவில் எழுந்தது 2012-இல். '3' என்ற தமிழ்த் திரைப்படம் அந்த ஆண்டு மார்ச் 30 அன்று திரைக்கு வந்தது. படம் வருவதற்கு முன்பே அதன் 'கொலவெறி' பாடல் உலகப் புகழ் பெற்றிருந்தது. முழுமையடையாத வடிவம் ஒன்று இணையத்தில் கசிந்ததால்தான், 2011 நவம்பரில் அந்தப் பாடலைப் படக்குழுவே யூடியூபில் வெளியிட்டது. மக்கள் அதைக் கட்டணமின்றிக் கேட்டார்கள், பகிர்ந்தார்கள், தங்கள் குரலில் பாடியும் பதிவேற்றினார்கள். கட்டற்ற பகிர்வால் புகழடைந்த பாடலைக் கொண்ட அதே படத்துக்காகத்தான், கட்டற்ற பகிர்வைத் தடுக்கக் கோரும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. இதில் முரண் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால், தன் படைப்பில் எதை இலவசமாகத் தருவது, எதை விற்பது என்பதைப் படைத்தவரே முடிவு செய்யவேண்டும் என்பதுதான் பதிப்புரிமையின் சாரம்.

ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் தொடுத்த அந்த வழக்கில் முதல் பிரதிவாதி பி.எஸ்.என்.எல். சிற்றூர்களுக்கும் இணைய இணைப்பைக் கொண்டுசேர்த்த பொதுத்துறை நிறுவனமே வரிசையில் முன்னால் நின்றது. அதன் பின்னால் பிற சேவை நிறுவனங்கள். கடைசியில் அசோக் குமார். அடையாளம் தெரியாதோர் படத்தைப் பகிரக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, இணைய சேவை நிறுவனங்கள் 2012 மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே போன்ற தளங்களை முழுமையாக முடக்கின. விமியோவில் தங்கள் சொந்தக் குறும்படங்களை வைத்திருந்தவர்களுக்கும், அவற்றைப் பார்க்க விரும்பியவர்களுக்கும் கதவு அடைக்கப்பட்டது. ஒரு வீட்டில் திருட்டுப் பொருள் இருப்பதாகச் சொல்லித் தெரு முழுவதையும் பூட்டியதற்கு ஒப்பான செயல் இது.

எதிர்ப்பு கிளம்பியது. 'அனானிமஸ்' என்ற பெயரில் இயங்கிய இணையக் குழுவினர் அரசு, நிறுவனத் தளங்களைத் தாக்கினர். அந்த ஆண்டு ஜூன் 9 அன்று பல நகரங்களின் தெருக்களிலும் போராட்டம் நடைபெற்றது. ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தியது: படம் இருக்கும் குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே முடக்கலாம், தளம் முழுவதையும் முடக்கக்கூடாது, அந்த முகவரிகளைப் பட நிறுவனம் தெரிவித்த 48 மணி நேரத்துக்குள் சேவை நிறுவனங்கள் செயல்படவேண்டும். அதேவேளையில், தங்களை வழக்கிலிருந்தே விடுவிக்கவேண்டும் என்ற சேவை நிறுவனங்களின் கோரிக்கையை அக்டோபரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிப்புரிமை மீறலைத் தடுப்பதில் இணைய சேவை நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்பது அங்கே நிலைபெற்றது.

முகவரியிலிருந்து தளத்துக்கு

ஜூன் 22-இன் அந்தக் கட்டுப்பாடு நீண்ட நாள் நிலைக்கவில்லை. 2016 ஜூலையில் 'கபாலி' வெளியாவதற்கு முன்பு, 200-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 நவம்பரில் '2.0' வெளியானபோது அந்த எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. 'தமிழ் ராக்கர்ஸ்' என்ற பெயரில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட முகவரிகள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. 37 சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. ஆனாலும் படம் இணையத்தில் வெளிவந்துவிட்டது.

'கபாலி' வெளியான அதே 2016 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் வேறொரு பாதையைக் காட்டியது. 'டிஷ்யூம்' என்ற இந்திப் பட வழக்கில், நீண்ட பட்டியலைக் கொடுத்து அத்தனையையும் முடக்கக் கோரியபோது, நீதிபதி ஜி.எஸ். படேல் அதை அப்படியே ஏற்க மறுத்தார். ஒவ்வோர் இணைப்பும் சரிபார்க்கப்பட்டதா, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். முடக்கப்பட்ட பக்கத்துக்குச் செல்பவர், அது எந்த வழக்கில், எந்த உத்தரவின்படி முடக்கப்பட்டது, பாதிக்கப்பட்டவர் எங்கு முறையிடலாம் என்பதை அறியும்படி அறிவிப்பு இருக்கவேண்டும் என்றார். பயனாளரும் ஒரு தரப்பே என்பதை நினைவில் வைத்திருந்த உத்தரவு அது.

2019 ஏப்ரல் 10 அன்று தில்லி உயர் நீதிமன்றம் யு.டி.வி. வழக்கில் வழங்கிய தீர்ப்பு இந்தத் துறையின் திருப்புமுனை. முடக்கப்பட்ட தளம் மறுநாளே வேறு பெயரில் முளைத்தால், புதிய வழக்கு தொடராமலேயே அந்தப் புதிய முகவரியையும் பட்டியலில் சேர்க்கலாம் என்றது தீர்ப்பு. சிங்கப்பூர் நீதிமன்றத்தின் முன்னுதாரணத்தைப் பின்பற்றிய இந்த ஏற்பாடு 'மாறும் தடையாணை' என்று அறியப்படுகிறது. ஒரு தளம் திருட்டுத் தளமா என்று கண்டறிய அத்தீர்ப்பு சில அளவுகோல்களையும் தந்தது. அவற்றுள் ஒன்று, தளத்தைப் பதிவு செய்தவரின் விவரங்கள் மறைக்கப்பட்டிருக்கின்றனவா என்பது. பல அளவுகோல்களுள் இதுவும் ஒன்று மட்டுமே. என்றாலும், அடையாளத்தை வெளியிடாமல் இருப்பது ஐயத்துக்குரிய செயலாக இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது கவனத்துக்குரியது. 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, இனிமேல் உருவாகப்போகும் படைப்புகளுக்கும் பாதுகாப்பு அளிக்கும் தடையாணையைப் பிறப்பித்தது.

தளத்திலிருந்து மனிதருக்கு

தளங்களை முடக்குவதால் பெரும் பயன் இல்லை என்று தெரிந்தபோது, உரிமையாளர்களின் பார்வை பகிரும் மனிதர் மீது திரும்பியது. 2020 மே மாதத்தில், பொது முடக்கக் காலத்தில், ஜாக்ரன் நாளிதழின் மின்பதிப்பு டெலிகிராம் சேனல்களில் பி.டி.எஃப். வடிவில் பகிரப்படுவதை எதிர்த்து வழக்கு தொடரப்பட்டது. அந்தச் சேனல்களை நீக்கவும், அவற்றை நடத்துவோரின் அடிப்படை விவரங்களை வெளியிடவும் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

இன்னும் விரிவான தீர்ப்பு 2022 ஆகஸ்ட் 30 அன்று வந்தது. போட்டித் தேர்வுகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை நீத்து சிங், தன் நூல்களும் காணொலிப் பாடங்களும் டெலிகிராம் சேனல்களில் அனுமதியின்றிப் பரப்பப்படுவதாக வழக்கு தொடுத்திருந்தார். ஒரு சேனலை நீக்கினால் அடுத்தது முளைத்தது. சேனல் நடத்துவோர் யார் என்று சொல்ல டெலிகிராம் மறுத்தது. தங்கள் தரவுகள் சிங்கப்பூரில் இருக்கின்றன; அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விவரங்களை வெளியிட அனுமதிப்பதில்லை; பயனாளரின் தனியுரிமையும் பாதிக்கப்படும் என்பவை அதன் வாதங்கள். நீதிபதி பிரதிபா எம். சிங் இவற்றை ஏற்கவில்லை. சர்வர் எங்கே இருந்தாலும் இந்தியாவில் நடக்கும் மீறலுக்கு இந்திய நீதிமன்றம் தீர்வு காணலாம். தனியுரிமை என்பது சட்டமீறலை மறைக்கும் திரையாக முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சேனல்களின் பின்னால் இருந்தோரின் கைப்பேசி எண்கள், ஐ.பி. முகவரிகள் உள்ளிட்ட விவரங்கள் சீலிட்ட உறையில் நீதிமன்றத்துக்கு வந்தன. வழக்கின் தேவைக்கு அப்பால் அவற்றை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையுடன் அவை வாதியின் தரப்புக்கு வழங்கப்பட்டன.

அந்த ஆசிரியையின் இழப்பு உண்மையானது. பல ஆண்டு உழைப்பில் உருவான பாடத்தை யாரோ ஒருவர் விற்றுக் காசாக்கும்போது, 'யார் என்று சொல்லமாட்டோம்' என்ற பதில் நீதியை மறுப்பதற்குச் சமம். ஆகவே, தீர்ப்பின் நோக்கத்தில் குறை காண இயலாது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. இதே வாசல் வழியாக, நாளை சேனலை நடத்துபவர் மட்டுமல்லாமல், அதில் வந்ததைப் பத்துப் பேருக்கு அனுப்பிய மாணவரும் அடையாளம் காட்டப்படுவாரா? அதற்கான எல்லைக்கோடு நம் சட்டத்தில் எங்கும் தெளிவாக வரையப்படவில்லை.

ஐ.பி. முகவரி ஆளைக் காட்டுமா?

எல்லாப் பகிர்வும் ஒரே மாதிரி நடப்பதில்லை. டொரன்ட் முறையில் கோப்பைப் பெறுபவரே அதே நேரத்தில் பிறருக்கும் வழங்குகிறார். அந்தக் கூட்டத்தில் சேரும் எவரும் மற்றவர்களின் ஐ.பி. முகவரியைக் காணலாம். பதிப்புரிமையைக் கண்காணிக்கும் நிறுவனங்கள் இப்படித்தான் முகவரிகளைத் திரட்டுகின்றன. டெலிகிராம் சேனலில் கோப்பு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. கணக்கு கைப்பேசி எண்ணுடன் இணைந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி, அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே புரியும்படி மறையாக்கம் செய்யப்படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனத்துக்கே தெரியாது.

ஐ.பி. முகவரி கிடைத்துவிட்டால் ஆள் கிடைத்துவிட்டார் என்று எண்ணுவது தவறு. பழைய முறையிலான ஐ.பி. முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 430 கோடிதான். அவை போதாமையால், கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒரே நேரத்தில் பகிர்ந்தளிக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பிரித்தறிய, துல்லியமான நேரமும் 'போர்ட்' எண்ணும் வேண்டும். சர்வரின் உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் இடையே ஐந்தரை மணி நேர வேறுபாடு உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால், விவரம் வேறொரு வீட்டைச் சுட்டும்.

சரியான இணைப்பே கண்டறியப்பட்டாலும் சிக்கல் தீராது. குன்னத்திலோ செந்துறையிலோ ஒரு விவசாயக் குடும்பத்தில் சிம் கார்டு தந்தையின் பெயரில் இருக்கும். கைப்பேசி கல்லூரிக்குச் செல்லும் மகளிடம் இருக்கும். அவருடைய இணைப்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பயன்படுத்துவார்கள். இணைப்புக்குக் கையொப்பமிட்டவரும் கோப்பைப் பகிர்ந்தவரும் ஒருவரே என்று முன்கூட்டியே முடிவு செய்தால், நோட்டீஸ் வரும் இடம் தந்தையின் பெயர் கொண்ட கதவாக இருக்கும். வழக்கறிஞரை அமர்த்த வசதி இல்லாதவர் தவறே செய்யாவிட்டாலும் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளவே முற்படுவார்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. அமெரிக்க இசைத் தட்டு நிறுவனங்களின் சங்கம் 2003 செப்டம்பரில் 261 தனிநபர்கள் மீது வழக்கு தொடுத்தது. அவர்களில் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் ஒருவர். 2,000 டாலர் செலுத்தி அக்குடும்பம் சமரசம் செய்துகொண்டது. 24 பாடல்களைப் பகிர்ந்ததற்காக மின்னசோட்டா மாநிலத்துப் பெண் ஒருவர் 2,22,000 டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2007-இல் நடுவர் குழு தீர்மானித்தது. பல ஆயிரம் பேரை வழக்கில் சேர்த்த பிறகு, 2008 இறுதியில் அந்தச் சங்கமே இந்த உத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. பகிர்வு நிற்கவில்லை, நிறுவனங்களின் நற்பெயர்தான் குறைந்தது. நியாயமான விலையில் பாடல் கேட்கும் செயலிகள் வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

பிற நாடுகள் வரைந்த கோடுகள்

தெரியாத தீங்கிழைத்தவரை அறிய, அவரைப் பற்றி அறிந்த மூன்றாம் தரப்பினரிடம் விவரம் கேட்கும் உரிமை பிரிட்டனில் 1973-இல் நார்விச் பார்மகல் வழக்கில் உறுதியானது. மருந்துக்கான காப்புரிமை பற்றிய அந்த வழக்கில் விவரம் வைத்திருந்தது சுங்கத் துறை. இன்று சுங்கத் துறையின் இடத்தில் டெலிகிராமும் கைப்பேசி நிறுவனங்களும் நிற்கின்றன.

அமெரிக்காவில், நீதிபதி பார்க்காமலேயே நீதிமன்ற அலுவலரின் கையொப்பத்துடன் வாடிக்கையாளர் பெயரைப் பெற இசை நிறுவனங்கள் முயன்றன. வெறும் இணைப்பு மட்டும் தரும் நிறுவனத்திடம் அப்படிக் கேட்கமுடியாது என்று 2003 டிசம்பரில் வெரைசான் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. கனடாவில் 2005-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், போதிய சான்று இல்லாமலும் காலம் கடந்தும் கேட்கப்பட்டதால் பெயர்களை வெளியிட ஆணையிட மறுத்தது. வெளியிடும்போதும் தனியுரிமைக்கு நேரும் ஊறு மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்றது. 2008 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் புரோமூசிகே வழக்கில், உரிமையியல் வழக்குகளுக்காகப் பயனாளர் விவரத்தை வெளியிடும் கடமையை உறுப்பு நாடுகள் உருவாக்கியே தீரவேண்டும் என்பதில்லை. எந்த முடிவிலும் இரு உரிமைகளுக்கும் இடையே நியாயமான சமநிலை வேண்டும் என்று கூறியது. மூன்று இடங்களிலும் விடை வேறு. ஆனால், கேள்வியை நீதிபதி எடைபோட்டுப் பார்க்கவேண்டும் என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன.

இந்தியாவிலும் அதற்கான அடித்தளம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் ஒருமனதாக அறிவித்தது. அந்த உரிமையில் அரசு தலையிட சட்டத்தின் அனுமதி, நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு ஆகியவை வேண்டும். ஆனால், 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டபூர்வ உரிமையை நிலைநாட்டுவதற்காகத் தரவைக் கையாளுவதற்குப் பிரிவு 17-இல் விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு தேவையானதே. அதன் அளவை வரையறுக்கும் பொறுப்பு மட்டும் ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதியின் தோளில் விழுகிறது.

செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் விவாதத்தின் வேரும் தமிழகத்தில் இருக்கிறது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட மனுக்கள், பிறகு வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தை அறியும் வழி பற்றிய விசாரணையாக விரிந்தன. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி அதற்கான தொழில்நுட்ப யோசனையை முன்வைத்தார். வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு மட்டுமே முதல் அனுப்புநரைக் கண்டறிய ஆணையிடலாம் என்கின்றன. பதிப்புரிமை அந்தப் பட்டியலில் இல்லை. அத்தகைய கடும் வரம்பு, பதிப்புரிமை வழக்கில் விவரம் கேட்கும்போது இல்லாதிருப்பது பொருந்தாத நிலை.

சட்டத்தின் கனம்

இந்தச் சிக்கலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள இயலாததற்குக் காரணம், தண்டனையின் அளவு. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, தெரிந்தே செய்யும் மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக நோக்கம் இல்லாவிட்டால், காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். எனினும், இது பிணையில் விட இயலாத குற்றம் என்றும், வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யத்தக்கது என்றும் 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைக் குறைப்பு விசாரணையின் முடிவில்தான் வரும். கைது தொடக்கத்திலேயே வரக்கூடும்.

தமிழகம் இன்னும் கடுமையான பாதையைத் தேர்ந்த மாநிலம். 2004-இல் திருட்டு வீடியோ குற்றவாளிகள் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டனர். விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்க அச்சட்டம் இடமளிக்கிறது. குறுந்தகடுகளை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்ற கும்பல்களை மனத்தில் கொண்டு அது திருத்தப்பட்டது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டமும் திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.3 லட்சம் முதல் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கிறது. அத்துடன், நீதிமன்றத்துக்குச் செல்லாமலேயே முறையிட்டு 48 மணி நேரத்துக்குள் இணைப்பை நீக்கச் செய்யும் அதிகாரிகளையும் மத்திய அரசு நியமித்திருக்கிறது.

இவற்றுள் எது பலன் தந்தது என்று பார்த்தால், ஊற்றுக்கண்ணை அடைத்த நடவடிக்கைதான். 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் 'ராயன்' படத்தைத் திரையரங்கிலேயே கைப்பேசியில் பதிவு செய்த ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். அதற்கு லட்சக்கணக்கானோரின் ஐ.பி. முகவரி தேவைப்படவில்லை, விழிப்பான திரையரங்கும் காவல் துறையும் போதுமானதாக இருந்தன.

பகிர்வு என்னும் மரபு

கோப்புப் பகிர்வு என்றவுடன் திரைப்படம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. கல்வியும் அதில் அடங்கும். உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்தவர். தமிழ் கற்க ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர்; பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடம் கேட்டவர். நூல் கிடைப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஒருவரிடம் இருந்த ஏடு மற்றவருக்குக் கைமாறியதால்தான் கல்வி தொடர்ந்தது.

அந்த மண்ணின் இன்றைய மாணவருக்கும் நூல் தேவைப்படுகிறது. ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டணமின்றித் தந்த சை-ஹப் தளத்துக்கு எதிராக எல்சேவியர் உள்ளிட்ட பதிப்பு நிறுவனங்கள் 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் அத்தளத்தை முடக்க தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 2025 ஜனவரியில், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் தொடங்கிவிட்டது. சுமார் 13,000 ஆய்விதழ்கள் அதன்வழி கிடைக்கின்றன. ஆனால், முதற்கட்டத்தில் அது அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கே உரியது. தனியார் கல்லூரிகள் மிகுந்த தமிழகத்தில், அவற்றின் மாணவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். மறுபுறம், பாடத் தேவைக்காக நூல் பகுதிகளை நகலெடுப்பது மீறல் அன்று என 2016-இல் தில்லிப் பல்கலைக்கழக நகல் கடை வழக்கில் நீதிமன்றம் கூறியது. கற்பிப்பதற்கான நியாயமான பயன்பாட்டை நம் சட்டமே அங்கீகரிக்கிறது என்பதற்கு அது சான்று.

தமிழகம் இதற்கு ஒரு முன்மாதிரியையும் தந்திருக்கிறது. பாரதியின் பாடல் உரிமை தனியாரிடம் இருந்தபோது, 1949-இல் அரசே அதை ஏற்று, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. அன்று முதல் பல எழுத்தாளர்களின் நூல்கள், வாரிசுகளுக்குத் தொகை வழங்கி நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. படைத்தவருக்கும் பயன், படிப்பவருக்கும் பயன். எவருடைய அடையாளத்தையும் தேடவேண்டியதில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பள்ளிப் பாடநூல்களும் சட்டபூர்வப் பகிர்வின் வெற்றிகள்.

வேண்டுவன

படைப்பாளியின் உரிமையும் பயனாளரின் உரிமையும் ஒன்றையொன்று அழித்துத்தான் வாழவேண்டும் என்பதில்லை. நீதிமன்றங்கள் தனித்தனித் தீர்ப்புகளில் சொன்ன நல்ல கூறுகளை ஒன்றுசேர்த்து, பயனாளர் விவரம் கோரும் வழக்குகளுக்கான நடைமுறை விதிகளாக்கினால் போதும்.

முதலாவதாக, விவரம் கேட்பவர் மீறலை எப்படிக் கண்டறிந்தார், எந்த நேரத்தில், எந்த முறையில் பதிவு செய்தார் என்பதை உறுதிமொழிப் பத்திரமாகத் தரவேண்டும். இரண்டாவதாக, விவரத்தை வெளியிடும் முன் சம்பந்தப்பட்ட வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, பெயரை மறைத்துக்கொண்டே பதில் சொல்லும் வாய்ப்பு அளிக்கவேண்டும். மூன்றாவதாக, பெற்ற விவரத்தை அந்த வழக்குக்கு மட்டுமே பயன்படுத்தி, முடிந்தவுடன் அழிக்கவேண்டும். நான்காவதாக, விற்றுப் பணமாக்கும் சேனல் நடத்துநரையும், வந்ததைப் பகிர்ந்த சாதாரணப் பயனாளரையும் சட்டம் வெவ்வேறாக நடத்தவேண்டும்; பின்னவருக்கு முதலில் எச்சரிக்கையே போதுமானது. ஐந்தாவதாக, முடக்கப்பட்ட ஒவ்வொரு தளத்துக்கும் காரணம், காலவரம்பு, முறையீட்டு வழி ஆகியவை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும்.

பயனாளருக்கும் கடமை உண்டு. அடுத்தவர் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வதற்கு ஏழ்மையை எப்போதும் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரு சிறிய படத்தின் வசூல் முதல் வாரத்தோடு முடிந்துபோகும்போது, கடனில் நிற்பது அதன் தயாரிப்பாளரும் கூலி பாக்கியுள்ள தொழிலாளர்களும்தான். ஓர் ஆசிரியரின் பாடத்தை வாங்காமல் பகிரும் மாணவர், நாளை தானும் ஆசிரியராகி ஒரு நூல் எழுதக்கூடும்.

அசோக் குமார் யார் என்று கேட்கும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டு. அந்தக் கேள்வியை எப்போது, யாருக்காக, எவ்வளவு தூரம் கேட்பது என்பதற்கு வரம்பு வேண்டும். ஏனெனில், அந்தப் பெயருக்குப் பின்னால் திருட்டுக் கும்பலின் தலைவரும் இருக்கலாம். அரியலூரில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். இருவரையும் பிரித்தறியத் தெரிந்த சட்டமே இருவருக்கும் நீதி செய்யும்.